நல்லெண்ணம்

தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடி.
கீழே மாவரைக்கும் மிஷின், அதற்கு மேல் டியூஷன் சென்டர்,
அதற்கும் மேல் நாங்கள்.
ஏசி, ஆறு கம்ப்யூட்டர், பட்டனை அழுத்தினால் டீ.
போலீஸ் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் பிரிவு.
அப்படிப் பலகை எதுவும் கிடையாது,
சம்பளச் சீட்டில் ‘சேவை ஒருங்கிணைப்பு’ என்றிருக்கும்.

கடிதம் வேண்டும். கையெழுத்து வேண்டும்.
யார் யார் கையெழுத்து செல்லும் என்று
லேமினேட் செய்து மாட்டியிருந்தோம்.
அன்றிரவு ஒன்றே முக்காலுக்கு வந்தது வெறும் ஃபோன்.
“தம்பி, லெட்டர் பின்னாடி வருது.”
மேனேஜரை எழுப்பினேன்.
“கேக்கறது யாருன்னு தெரியும்ல? குடுத்துட்டுப் படு.”

கொடுத்தேன்.
பத்து இலக்கம், ஆறு மாதம்,
காட்டுக்குப்பம் தேசராணி.

குரல் எதுவும் இல்லை அதில், சத்தியமாக.
விடிகாலை நாலுக்கு ஐஸ் கம்பெனி, பதினெட்டு விநாடி.
நண்டு எடுக்கிற வியாபாரி.
தினமும் இரவு ஒன்பது பத்துக்கு ஒரே எண்,
பொன்னேரி ஹாஸ்டலில் படிக்கிற மகளாக இருக்கும்.
கழிமுகத்தில் சாம்பல் கொட்டிய வாரத்திலிருந்து
வரிசை நீள்கிறது:
நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம்,
ஒரு வக்கீல், ஒரு டாக்டர், மறுபடி வக்கீல்.
எந்த டவர் எத்தனை மணிக்கு அவரைத் தொட்டது,
எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நின்றார்,
எல்லாம் இருந்தது.
டீ ஆறுவதற்குள் ஃபைல் போய்விட்டது.

மூன்றாம் நாள் பதினோரு பேரை
வீட்டிலிருந்தே வேனில் ஏற்றினார்கள்.
மறியலுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.
லெட்டர் ஒன்பது நாள் கழித்து வந்தது,
தேதி மட்டும் அதற்கு முன்பே வந்திருந்தது.

அந்தம்மா போலீஸ்மேல் போடவில்லை கேஸை,
எங்கள்மேல் போட்டார்.
ஜட்ஜ் கேட்டார், ஏனென்று.
பிளாஸ்டிக் கவரிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்தார்:
“கவர்மெண்டு எனக்கு ரசீது குடுத்ததில்ல சார்.
இவுங்க குடுத்துகிறாங்க. மாசம் எரநூத்தி முப்பத்தொம்போது.
என் துட்ட வாங்கிக்கினு என்னிய வித்துட்டாங்க.
இல்ல, விக்கக்கூட இல்ல.
சும்மா குடுத்துட்டாங்க.”

கம்பெனி வக்கீல் டெல்லியிலிருந்து ப்ளேனில் வந்தவர்.
ஒரே ஒரு தமிழ் வார்த்தையை
ஜூனியரிடம் கேட்டுப் பழகி வைத்திருந்தார்.
நல்லெண்ணம்.
நல்லெண்ணத்தில் செய்த காரியத்துக்கு
வழக்கே போட முடியாதென்று திருத்தம் வருகிறதாம்.
வந்தால் முன்தேதியிலிருந்தே செல்லுமாம்.
முன்தேதி.
அந்த வார்த்தை எனக்குப் பழக்கம்.

மூன்றாம் சாட்சியாகக் கூண்டில் ஏறினேன்.
சொல்ல வேண்டிய பதில் டைப் அடித்துச் சட்டைப்பையில்.
ஜூனியர் கேட்டான், நல்லெண்ணத்தில்தானே கொடுத்தீர்கள்?
நல்ல எண்தான் சார், என்றேன்,
ஒன்பது எட்டில் ஆரம்பிக்கும், இன்னும் மனப்பாடம்.
எண்ணம் என்று ஒன்றும் இல்லை.
தூக்கம் வந்தது. பயம் இருந்தது.
ஓவர்டைம் நூற்றெண்பது ரூபாய் போட்டார்கள்,
எண்ணிப் பார்த்து வாங்கினேன்.

டெல்லிக்காரர் ஜூனியர் முகத்தைப் பார்த்தார்.
அவன் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த வாய்தா ஆகஸ்ட்டில்.
வெளியே பாரிமுனை வெயிலில்
பழச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் அந்தம்மா நின்றிருந்தார்.
மன்னிப்பெல்லாம் கிடையாது,
நான் கேட்கவும் இல்லை.
“வேல பூட்ச்சா?”
“போயிடும்.”
“நம்பர் சொல்லு. வக்கீலு கேப்பாரு.”
சொன்னேன், ஒவ்வொன்றாக.
தேடித் தேடி அழுத்தினார்,
ஏழுக்குப் பதில் நாலு, அழித்து, மறுபடி ஏழு.
உரியவரிடமே கேட்டு எண் வாங்குகிற ஒருவரை
ஆறு வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.
பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறினார்.
நெற்றியில் பெரிய எழுத்தில்
எண்ணூர் என்று போட்டிருந்தது.